34-ஆவது பொம்மை: அட்டை இல்லாமல் வந்த கிளார்க் கென்ட்

கென்னர் நிறுவனம் 1984 முதல் 1986 வரை வெளியிட்ட ‘சூப்பர் பவர்ஸ்’ என்ற சூப்பர்ஹீரோ பொம்மை வரிசையில், அமெரிக்கக் கடைகளில் அட்டையோடு தொங்கியவை 33 பொம்மைகள். முதல் ஆண்டு 12, அடுத்த ஆண்டு 11, கடைசி ஆண்டு 10. ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் அதுவரை வந்த பொம்மைகளின் படங்கள் இருக்கும். அதனால் சேகரிப்பாளர்கள் அந்த அட்டைகளை 12-பேக், 23-பேக், 33-பேக் (‘பேக்’ என்றால் முதுகு) என்றே பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள். இந்தக் கணக்கில் சேராத ஒன்று உண்டு. நீல சூட், டை, மூக்குக்கண்ணாடியோடு நிற்கும் கிளார்க் கென்ட். சூப்பர்மேன்தான், பத்திரிகையாளர் உடுப்பில்.

இந்தப் பொம்மை கடைக்கு வரவில்லை. வரிசையில் வேறு 5 பொம்மைகளை வாங்கி, அவற்றின் அட்டைகளிலிருந்து வாங்கியதற்கான சான்றுக் கட்டத்தைக் கத்தரித்து, உறையில் போட்டு அனுப்பியவர்களுக்கு அஞ்சலில் வந்தது. சேகரிப்பாளர் பேச்சில் இதற்கு ‘மெயில்-அவே’ என்று பெயர். அன்றைக்குப் பக்கத்துக் கடையில் கேட்டால் கிடைக்காது என்பதே அதன் கவர்ச்சி. இன்றைக்கு அதை வாங்குவதில் வரும் சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரே காரணத்திலிருந்துதான் கிளைக்கின்றன. கடைப் பொம்மைக்குச் சாட்சி சொல்ல அட்டை இருக்கிறது, மேலங்கி இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, முதல் இரண்டு ஆண்டுப் பொம்மைகளுக்கு மினி காமிக்ஸும் இருக்கிறது. கிளார்க் கென்ட்டுக்கு இவற்றில் எதுவும் இல்லை. சாட்சி சொல்ல அதன் உடம்பு மட்டுமே உண்டு. எனவே இந்த ஆய்வின் பெரும்பகுதி அந்த உடம்பைப் படிப்பது பற்றியது.

அஞ்சல் பொம்மையின் பின்னணி

ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியில் இருந்த கென்னருக்கு இந்த வழி புதிதல்ல. 1977 கிறிஸ்துமஸுக்குள் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் தயாராகாதபோது, வெறும் சான்றிதழ் அடங்கிய அட்டைப் பெட்டியை விற்று, பொம்மைகளைப் பின்னர் அஞ்சலில் அனுப்பிய நிறுவனம் அது. 1979-இல் 4 சான்றுக் கட்டங்களுக்கு போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பொம்மையைத் தருவதாக அறிவித்தார்கள். முதுகிலிருந்து ராக்கெட் பாயும் வடிவம்தான் முதலில் விளம்பரமானது. குழந்தைகள் விழுங்கிவிடலாம் என்ற அச்சத்தில் அதைக் கைவிட்டு, ராக்கெட் ஒட்டிய வடிவத்தை அனுப்பினார்கள். பின்னர் பாஸ்க், 4-லாம், நியன் நன்ப், பேரரசர், அனகின் என்று அஞ்சல் பொம்மைகள் தொடர்ந்தன.

கணக்கு எளிது. ஒரு பொம்மையைச் செய்து அனுப்பும் செலவுக்கு ஐந்து பொம்மைகள் விற்கும். ஏற்கெனவே மூன்று வாங்கிய குழந்தை இன்னும் இரண்டு கேட்டு அடம்பிடிக்கும். அதற்குக் கிளார்க் கென்ட்டைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும். பறக்கும் மேலங்கிகளுக்கும் இறக்கைகளுக்கும் நடுவே, சூட் போட்ட ஒருவரைக் கடை ஆணியில் தொங்கவிட்டால் எந்தச் சிறுவனும் முதலில் எடுக்கமாட்டான். வீட்டில் சூப்பர்மேன் இருக்கிறவனுக்கோ அவரில்லாமல் விளையாட்டு முழுமையாகாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அஞ்சலில் போன ஒவ்வொரு கிளார்க் கென்ட்டுக்கும் 5 அட்டைகள் கத்தரி பட்டன. இன்று சந்தைக்கு வரும் சூப்பர் பவர்ஸ் அட்டைகளில் மூலையில் ஓட்டையோடு நிற்பவற்றுக்கு இத்தகைய சலுகைகளே காரணம். விற்பனைக் குறிப்பில் ‘பி.ஓ.பி. இல்லை’ என்று போட்டிருந்தால் சான்றுக் கட்டம் வெட்டப்பட்டது என்று பொருள். விலை இறங்கும். ஆனால் அட்டையைச் சுவரில் மாட்டி ரசிக்க நினைப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு. முன்பக்கம் முழுதாக இருக்கும் அட்டை, வெட்டு இல்லாததைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். வெட்டிய சான்றுக் கட்டங்களை மட்டும் தனியாக விற்பவர்களும் உண்டு. சலுகை முடிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கிளார்க் கென்ட்டுக்குப் பக்கத்தில் காட்சிக்கு வைக்கலாமே தவிர, அந்தக் காகிதத்துக்கு வேறு பயன் இல்லை.

இதே வரிசையில் ஸ்டெப்பன்வுல்ஃப் பொம்மையும் முதலில் அஞ்சல் சலுகையாகத்தான் வந்தது. ஆனால் அது பிற்பாடு அட்டையிலும் வந்துவிட்டது. அதனால் பையைப் பிரித்துவிட்ட ஸ்டெப்பன்வுல்ஃப் அஞ்சலில் வந்ததா கடையில் வாங்கியதா என்பது விலைக்குப் பொருட்டல்ல. ‘மெயில்-அவே’ என்று சொல்லி லூஸ் (பையோ அட்டையோ இல்லாத) ஸ்டெப்பன்வுல்ஃபுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. கோடரி கையோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உடம்பைப் படிப்பது

சூப்பர் பவர்ஸ் பொம்மைகளின் தனிச்சிறப்பு உள்ளே இருக்கும் பொறி. சிலவற்றில் கால்களைச் சேர்த்து அழுத்தினால் கை அசையும், சிலவற்றில் கைகளை அழுத்தினால் கால் அசையும். ஃபிளாஷ் கையை அழுத்தினால் ஓடும். சூப்பர்மேனும் பேட்மேனும் காலை அழுத்தினால் குத்துவிடுவார்கள். கிளார்க் கென்ட்டும் காலை அழுத்தும் வகை. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது புகைப்படம் அல்ல, பத்து விநாடிக் காணொளி. இரு தொடைகளையும் விரலால் மெதுவாகச் சேர்த்து அழுத்தி விட வேண்டும், மூன்று முறை. கை எழுந்து, விட்டவுடன் திரும்ப வேண்டும். எழுந்த கை பாதியில் நின்றால் உள்ளே நெம்பு தேய்ந்திருக்கிறது. அழுத்தும்போது ‘சடக்’ என்று கேட்டும் அசைவு இல்லையென்றால் உடைந்திருக்கிறது. கால்கள் எப்போதும் அகன்றே நிற்கின்றன என்றால் இடுப்பு தளர்ந்துவிட்டது, நிற்க வைக்கத் தாங்கி தேவைப்படும்.

பொறியைச் சோதிப்பதில் இரட்டைப் பயன் உண்டு. போலி செய்பவர் சிலிக்கான் அச்சில் ரெசின் ஊற்றித் தலையையும் கைகால்களையும் எடுத்துவிடுவார். ஒன்றோடொன்று பூட்டி அசையும் உள்பொறியை அப்படி எடுத்து, உடற்கூட்டைத் தொழிற்சாலை ஒட்டியதுபோல ஒட்டுவது மிகவும் கடினம். பொறி ஒழுங்காக வேலை செய்யும் கிளார்க் கென்ட்டின் உடல் அசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘பொறி வேலை செய்யவில்லை, மற்றபடி புதிது போல’ என்ற குறிப்போடு நான்கே படம் போட்டிருந்தால் மட்டும் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும்.

அடுத்து உடற்கூட்டின் ஒட்டு. அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கவாட்டில் ஓடும் கோட்டைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள், அல்லது அந்த இடத்தின் நெருக்கமான படத்தைக் கேளுங்கள். பொறியைச் சரிசெய்ய யாராவது கத்தியை நுழைத்துப் பிளந்திருந்தால் கோட்டின் ஓரத்தில் வெளிறிய தழும்பு இருக்கும். பிளாஸ்டிக் வளைந்து அழுத்தப்பட்ட இடம் வெண்மையாகிவிடும், நீல நிற சூட்டில் அது நன்றாகவே தெரியும். பசை வழிந்து காய்ந்த மினுமினுப்பும் அதே சங்கதியைச் சொல்லும். திறந்து சரிசெய்த பொம்மை அசல்தான், விலை மட்டும் வேறு. அதை மறைத்து விற்பதுதான் தவறு.

பிறகு கண்ணாடி. கிளார்க் கென்ட்டை வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். மூக்குக்கண்ணாடி தனிப்பொருள் அல்ல, தலையோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. ‘கண்ணாடி தொலைந்துவிட்டது’ என்றோ ‘கண்ணாடியோடு முழுமையானது’ என்றோ எழுதும் விற்பனையாளருக்குப் பொம்மையைத் தெரியாது. சட்டகம் முகத்திலிருந்து புடைத்து நிற்பதால், பெட்டியில் மற்ற பொம்மைகளோடு உரசும்போது முதலில் வண்ணம் போவது அங்கேதான். அடுத்து மூக்கு நுனி, அதன்பின் தலைமுடியின் முன் வளைவு, விரல் முட்டிகள். நாற்பது ஆண்டு வயதான, விளையாடப்பட்ட பொம்மையில் முட்டியும் மூக்கும் தேய்ந்திருக்க, கண்ணாடிச் சட்டகம் மட்டும் பளபளவென்று கறுப்பாக இருந்தால் யாரோ தூரிகை வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் மறைப்பு வைத்துத் தெளித்த வண்ணத்தின் ஓரம் மென்மையாக, பொடிப்பொடியாக முடியும். தூரிகைக் கோட்டில் இழுத்த திசையும், நின்ற இடத்தில் சிறு மேடும் தெரியும். 365 நானோமீட்டர் புறஊதா விளக்கை இருட்டறையில் பிடித்தால், பிற்காலத்தில் பூசிய வண்ணமும் பசையும் பல நேரம் சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறுபட்டு ஒளிரும். ஒளிராததாலேயே அசல் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. உருப்பெருக்கியும் விளக்கும் சேர்ந்து சொல்வதை மட்டும் நம்புங்கள்.

பதிப்புரிமைப் பொறிப்பும் பார்க்க வேண்டியதே. வார்ப்பிலேயே வந்த எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால் எழுத்துகள் மழுங்கும், உட்குழிவுகளில் காற்றுக் குமிழி மாட்டிய சிறு உருண்டைகள் தென்படும். மறுவார்ப்பு சற்றே சுருங்கியும் வரும். நம்பகமான இன்னொரு கிளார்க் கென்ட் யாரிடமாவது இருந்தால், இரண்டிலும் உச்சந்தலை முதல் தாடை வரை டிஜிட்டல் வெர்னியரில் அளந்து ஒப்பிடலாம். தனித் தலையை வாங்கி உடலில் பொருத்துபவர்கள் இந்த அளவைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கழுத்தைத் திருப்பும்போது தலை தள்ளாடினாலும், கழுத்துக்கும் காலருக்கும் நடுவே வளையமாக இடைவெளி தெரிந்தாலும் தலை மாற்றப்பட்டிருக்கலாம்.

தண்ணீரில் மிதக்கவிடும் சோதனை பற்றிப் பலர் கேட்பதுண்டு. அது ஸ்டார் வார்ஸ் துப்பாக்கிகளுக்காக எழுந்த பழக்கம். அசல் மிதக்கும், போலி மூழ்கும் என்பார்கள். அங்கேயே அது எல்லா ஆயுதத்துக்கும் பொருந்துவதில்லை. கிளார்க் கென்ட் போன்ற உள்ளீடற்ற உடலுக்கு அது எதையும் சொல்லாது. உள்ளே அடைபட்ட காற்றினால் எதுவும் மிதக்கும். தண்ணீர் உள்ளே புகுந்தால் பொறிக்குள் தேங்கி எளிதில் காயாது. அந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

இன்னொன்று: கிளார்க் கென்ட்டோடு துணைப்பொருள் எதுவும் வரவில்லை. பெட்டி, செய்தித்தாள், தொப்பி என்று ஏதாவது சேர்த்து ‘முழுமையான தொகுப்பு’ என்று விற்றால் அவை வேறு பொம்மைகளிலிருந்து வந்தவை. அவற்றுக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள்.

பையோடு வரும் பொம்மை

அஞ்சலில் வந்தபோது பொம்மை ஒட்டிய நெகிழிப் பைக்குள் இருந்தது. பிரிக்காத பைக்குக் கூடுதல் விலை உண்டு, ஏமாற்றுவதும் அங்கேதான் அதிகம் நடக்கிறது. நல்ல லூஸ் பொம்மையைப் புதிய பையில் போட்டு வெப்பத்தில் ஒட்டுவதற்குச் சில நூறு ரூபாய்க் கருவி போதும். பழைய பையின் நெகிழி சற்று மங்கி, பொம்மையின் தோள், மூக்கு பட்ட இடங்களில் மெல்லிய தேய்மானம் காட்டும். புதுப் பை எல்லா இடத்திலும் ஒரே மினுக்காக இருக்கும். ஒட்டிய விளிம்பின் அகலம், அதில் பதிந்த வரிகள், விளிம்புக்கு வெளியே மிஞ்சிய நெகிழி ஆகியவற்றை ஆவணப்படுத்தப்பட்ட அசல் பைகளின் படங்களோடு வைத்துப் பாருங்கள். ஒட்டுக்கோடு இரட்டையாகவோ, ஒரு மூலையில் உருகி மடிந்தோ இருந்தால் கேள்வி கேளுங்கள். பைக்குள் இருக்கும் பொம்மையின் முட்டியில் வண்ணம் தேய்ந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை, அது விளையாடப்பட்ட பொம்மை.

ஏ.எஃப்.ஏ., சி.ஏ.எஸ். போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் பொம்மையைப் பார்த்து 80, 85 என்று மதிப்பெண் இட்டு, அக்ரிலிக் பெட்டியில் முத்திரையிட்டுத் தருகின்றன. பையோடு வாங்குபவருக்கு இந்தச் செலவு தகும் என்பது எங்கள் கருத்து. பை அசலா என்பதைத் தொலைவிலிருந்து படத்தில் தீர்மானிப்பது அனுபவசாலிக்கே கடினம், அந்த வேலையை அனுபவமுள்ள இன்னொருவர் கண் செய்துவிடுகிறது. லூஸ் பொம்மைக்கு அதே செலவு பெரும்பாலும் வீண். பொறியை அழுத்திப் பார்க்க முடியாதபடி பெட்டிக்குள் பூட்டிவிட்டால், இந்தப் பொம்மையின் முக்கியமான சான்றை நாமே மூடிவைத்ததாகிவிடும்.

அரிதா, இல்லையா

‘அஞ்சலில் மட்டும்’ என்ற சொல் விலையை ஏற்றுகிறது. கிளார்க் கென்ட் இந்த வரிசையில் அரிதானவற்றின் உச்சியில் இல்லை. 5 சான்றுக் கட்டம் அனுப்பும் அளவுக்கு ஆர்வமுள்ள குழந்தைகள் பலர் இருந்தார்கள், சலுகையைப் பற்றிய அறிவிப்பும் அட்டை வழியே வீடுகளுக்குப் போனது. 1986-இல் விற்பனை சோர்ந்த நேரத்தில் வந்த மூன்றாம் ஆண்டுப் பொம்மைகள் சில, அதிலும் குறிப்பாகச் சைபோர்க், முழுமையாகக் கிடைப்பது இதைவிடக் கடினம். சைபோர்க்குக்கு மாற்றிப் பொருத்தும் கை உறுப்புகள் உண்டு, அவை தொலைந்திருக்கும். வெள்ளிப் பூச்சு விரல் பட்டே உரிந்திருக்கும். தொலைப்பதற்கு எதுவுமே இல்லாத கிளார்க் கென்ட் அந்த வகையில் சேகரிப்பாளருக்குத் தோதான பொம்மை. கையில் இருப்பதே முழுமை.

‘உள்ளூரில் கிடைக்காதது’ என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதே வரிசையில் ஓர் உதாரணம் இருக்கிறது. தென் அமெரிக்காவில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இதே அச்சுகளில் பொம்மைகளை வெளியிட்டன. அங்கே கிரீன் லேன்டர்ன் பொம்மையை நிறம் மாற்றி, ரிட்லர் என்ற வில்லனாக ‘எல் அசெர்டிகோ’ என்ற பெயரில் விற்றார்கள். அமெரிக்கக் கடைகளில் சூப்பர் பவர்ஸ் ரிட்லர் வரவே இல்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தென் அமெரிக்காவில் தேடும் பொம்மை அது.

விலையை நிர்ணயிக்க, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டால் சமீபத்தில் உண்மையில் கைமாறிய விலை தெரியும். அதில் பொறி வேலை செய்பவை, செய்யாதவை, பையோடு இருப்பவை என்று மூன்று குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உச்ச விலையைக் காட்டி ‘சந்தை விலை’ என்பவருக்கு இந்தப் பட்டியலே பதில். ‘உலகத்தில் இத்தனைதான் இருக்கின்றன’ என்று எண் சொல்பவரிடம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கென்னர் 1987-இல் டோங்காவிடமும், டோங்கா 1991-இல் ஹாஸ்ப்ரோவிடமும் போனது. விற்பனைக் குறிப்பில் யாரோ எழுதும் எண்ணிக்கைக்கு ஆதாரமாகக் காட்ட நிறுவனப் பதிவு எதையும் நாங்கள் கண்டதில்லை.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். மெக்ஃபார்லேன் நிறுவனம் 2022-இல் ‘டிசி சூப்பர் பவர்ஸ்’ என்ற அதே பெயரில் புதிய பொம்மைகளை வெளியிடத் தொடங்கியது. பழைய பொம்மைகளைப் பெரிதாக்கி ஜென்டில் ஜயன்ட் வெளியிட்ட ஓரடி உயர ‘ஜம்போ’ பொம்மைகளும் உண்டு. தேடலில் ‘கென்னர்’ என்ற சொல்லையும் ஆண்டையும் சேர்த்துப் போட்டு, மெக்ஃபார்லேன், ஜம்போ என்ற சொற்களை விலக்கிவிட்டால் பட்டியல் பாதியாகக் குறையும்.

கடல் தாண்டி வாங்கும்போது

இந்தியாவிலிருந்து வாங்குபவருக்குப் பொம்மையின் விலை பாதிக் கணக்குதான். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 நிதிநிலை அறிக்கையில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன் மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி வரும். வரி கணக்கிடப்படுவது பொம்மையின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. எடுத்துக்காட்டுக்கு, பொம்மை 6,000 ரூபாய், அனுப்பும் செலவு 3,500, காப்பீடு 500 என்றால் 10,000 ரூபாய்க்கு வரி. 70 சதவீதம் என்று வைத்தால் அடிப்படை வரி மட்டும் 7,000. 6,000 ரூபாய் என்று நினைத்த பொம்மை கையில் வரும்போது 17,000-ஐத் தாண்டும். விகிதங்கள் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் நாளில் சுங்கத்துறையின் பட்டியலைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டே ‘வாங்கு’ பொத்தானை அழுத்துங்கள்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ‘பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொல்வது. 5,000 ரூபாய் வரையிலான பரிசுகளுக்கு இருந்த வரிவிலக்கை இந்திய அரசு 2019 டிசம்பரில் எடுத்துவிட்டது. ராக்கி, உயிர்காக்கும் மருந்து போன்றவற்றுக்கே அது மிஞ்சியது. பரிசு என்று எழுதுவதால் வரி குறையாது. மதிப்பைக் குறைத்து எழுதினால், பொதி தொலைந்தாலோ உடைந்தாலோ அந்தக் குறைந்த தொகைக்கே இழப்பீடு கிடைக்கும்.

மற்றொன்று, அமெரிக்க முகவரி தரும் அனுப்பு நிறுவனத்தை நம்பி வாங்கிவிட்டு, ஈபே பாதுகாப்பு இருக்கிறதே என்று இருந்துவிடுவது. பொதி அந்த அமெரிக்க முகவரிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி அனுப்பப்பட்டால் ஈபேயின் பணத்திருப்பு உத்தரவாதம் பொருந்தாது. பொறி உடைந்த கிளார்க் கென்ட் சென்னைக்கு வந்து சேர்ந்தபின் செய்வதற்கு ஒன்றும் இராது. கிடங்கில் திறந்து படமெடுத்துத் தரும் சேவை இருந்தால் பணம் கட்டி வாங்குங்கள். படத்தில் பொறி தெரியாது என்பதால், விற்பவரின் காணொளியை அனுப்பும் நாளுக்கு முந்தைய தேதியோடு கேட்டு வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. விற்பவர் நேரடியாக இந்தியாவுக்கு அனுப்பினால் செலவு கூடினாலும் அந்த உத்தரவாதம் கைவசம் இருக்கும். விலை உயர்ந்த பையோடுள்ள பொம்மைக்கு எங்கள் பரிந்துரை நேரடி வழிதான்.

பொதி கட்டும் முறையையும் எழுத்தில் சொல்லுங்கள். குமிழ்த்தாள் நேரடியாகப் பொம்மையில் படக் கூடாது. வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் பொதிக்குள் அதன் வட்டங்கள் வண்ணத்தில் அச்சாகப் பதிந்துவிடும். முதலில் பாலித்தீன் ஜிப் பை, அதன்மேல் மெல்லிய தாள், பிறகு குமிழ்த்தாள், சிறு பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நிரப்பியோடு பெரிய பெட்டி. கால்களை ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்ட வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள். பாதுகாப்புக்கு என்று நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள். பயணம் முழுக்கப் பொறி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருந்து, கை திரும்பாமல் போய்விடும்.

வந்தபின்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கைப்பேசியில் காணொளி ஓடட்டும். முகவரிச் சீட்டு, ஒட்டுநாடா, உள்பெட்டி, பொம்மை, பொறியின் மூன்று அழுத்தம் வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். குறை இருந்தால் ஈபேயில் புகார் தர, பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள் அவகாசம். பொதி குளிர்சாதன விமானக் கிடங்கிலிருந்து வந்திருந்தால் உடனே பொறியை அழுத்தாமல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் வைப்பது நல்லது. குளிர்ந்த பிளாஸ்டிக் எளிதில் விரிசல் விடும்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல்துலக்கி, ஈரத்துணி போதும். தோள், இடுப்பு மூட்டுகளில் நீர் இறங்காமல் பொம்மையைச் சாய்த்துத் துடையுங்கள். நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். மருத்துவமனை ஸ்பிரிட் வண்ணத்தைத் தூக்கிவிடக்கூடும், முக்கியமாகக் கண்ணாடிச் சட்டகத்தில். மஞ்சளேறிய வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுப்பாக்கும் முறையை இதில் முயலக் கூடாது. சட்டையின் வெள்ளை பூச்சு, ஊறவைத்தால் வெளுப்பதற்குப் பதில் உரியலாம்.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை தமிழகத்து மே மாதம்தான் எதிரி. மேற்கு பார்த்த சுவர் அலமாரியும் காங்கிரீட் பரணும் வேண்டாம். வெயிலில் நீல நிறம் மங்கும், சூட்டில் மென்பிளாஸ்டிக் உறுப்புகளிலிருந்து எண்ணெய்ப்பசை கசிந்து தூசியைப் பிடிக்கும். பிவிசி உறையில் வைத்தால் அந்தப் பசை சீக்கிரமே வரும். பாலித்தீன் அல்லது பாலிப்ரோப்பிலீன் பையே சரி, வாயை முழுக்க அடைக்காமல். கடற்கரை ஊர்களில் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அது நிறம் மாறும்போது மாற்றுங்கள். பையோடு வந்த பொம்மையை நிமிர்த்தி வைத்தால் எடை முழுதும் கீழ் ஒட்டில் இறங்கும். அதைப் படுக்கவைத்து, அக்ரிலிக் பெட்டிக்குள் பக்கவாட்டில் ஆடாதபடி அமிலமற்ற அட்டைத் துண்டுகளால் அணைகொடுங்கள். பெட்டியின் அடியில் வாங்கிய நாள், விற்பனைக் குறிப்பின் அச்சுப்படி, சுங்க ரசீது மூன்றையும் ஓர் உறையில் வையுங்கள். அட்டையோடு வராத பொம்மைக்கு இனி அந்த உறைதான் சாட்சி.